குருத்தணுத் துகள்களும் தோல் புற்றுநோயும்: திருச்சபைப் பணியாளருக்கு ஒரு விளக்கம்

சென்னைக்கு மேற்கே, வில்லிவாக்கத்தை அடுத்து, அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் பாடி. திருவலிதாயம் என்னும் பழம்பெயரால் தேவாரத்தில் இடம்பெற்ற அவ்வூர், கடந்த அறுபது ஆண்டுகளில் ஆலைகளின் ஊராகவும் மாறிற்று. அங்குள்ள ஒரு சபையில் ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஒரு பெண் என்னிடம் வந்தார். அவருடைய தந்தை முப்பது ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், சபையின் மூப்பர். குதிகாலில் தோன்றிய கரும்புள்ளியைக் கால் ஆணி என்று கருதி, இரண்டு ஆண்டுகள் அதன்மீது களிம்பும் ஒட்டுத்துணியும் இட்டு வந்திருக்கிறார். புள்ளி புண்ணாகிக் கசிந்தபோதே மருத்துவமனைக்குச் சென்றார். சதைத்துணுக்கை எடுத்து ஆராய்ந்ததில் அது மெலனோமா எனப்படும் கருநிறமிப் புற்று என்று தெரிந்தது. குதிகாலின் ஒரு பகுதியை அறுத்து நீக்க வேண்டும் என்றார் அறுவை மருத்துவர்.

அப்பெண்ணின் கையில் ஓர் அச்சிட்ட துண்டறிக்கை இருந்தது. கத்தியின்றி, வலியின்றி, "ஸ்டெம் செல் எக்ஸோசோம்" ஊசிகளால் புற்றுநோய் நீங்கும் என்று அது கூறிற்று. கேட்கப்பட்ட தொகை பல இலட்சம். "ஐயா, இது ஆண்டவர் திறந்த வாசல்தானா? இருக்கிற மனையை விற்றுக் கட்டிவிடலாமா?" என்று அவர் கேட்டார்.

அன்று என்னால் விடை கூற இயலவில்லை. ஜெபித்து அனுப்பினேன். ஜெபம் தேவையே, ஆயினும் கேட்கப்பட்ட வினாவுக்கு விடை கூறாதிருக்க ஜெபத்தை ஒரு மறைவிடமாகக் கொண்டேனோ என்ற உறுத்தல் பின்னர் எழுந்தது. இத்தகைய வினாக்கள் இனி நம் சபைகளில் மிகும். ஆதலின் இக்கட்டுரை, குருத்தணு எக்ஸோசோம் என்பது யாது, தோல் புற்றுநோய்க்கு அது மருந்தாகுமா, ஆயர் இதில் செய்யத்தக்கது யாது என்னும் மூன்றையும் முறையே ஆராய முற்படுகிறது.

1. நம் நாட்டில் தோல் புற்றுநோய்

தோல் புற்றுநோய் பெரும்பாலும் மூவகைப்படும். தோலின் அடியடுக்கில் தோன்றுவது ஒன்று. மேலடுக்கிலுள்ள செதிள் உயிரணுக்களில் தோன்றுவது மற்றொன்று. நிறம் தரும் உயிரணுக்களில் தோன்றும் மெலனோமா மூன்றாவது. முதலிரண்டும் பெரும்பாலும் மெதுவாக வளர்வன. மூன்றாவது அரியது, ஆயினும் இரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் விரைந்து பரவும் இயல்பினது.

வெண்ணிறத் தோலினரிடையே இந்நோய் மிகுதி, நம்மவரிடையே குறைவு. நம் தோலிலுள்ள கருநிறமி, சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்களைத் தடுத்து நம்மைக் காக்கிறது. எனவே, தோல் புற்றுநோய் வெள்ளையரின் நோய் என்னும் எண்ணம் நம்மிடையே நிலைத்துவிட்டது. இவ்வெண்ணத்தாலேயே நம்மவர் பலர் காலங்கடந்து மருத்துவரிடம் செல்கின்றனர்.

கதிரவனால் அன்றி வேறு காரணங்களால் வரும் தோல் புற்றுகள் நம் நாட்டில் உண்டு. காஷ்மீரத்தில் குளிர்காலத்தில் "காங்கிரி" என்னும் தணற்சட்டியை ஆடைக்குள் வைத்துக்கொள்வோருக்கு வயிற்றிலும் தொடையிலும் இந்நோய் வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர். சேலையையும் வேட்டியையும் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இறுகக் கட்டுவதால் இடையில் உண்டாகும் ஆறாத தழும்பிலும் சிலருக்குப் புற்று தோன்றியதுண்டு. பழைய தீக்காயத் தழும்பில் எழும் புண் புற்றாக மாறுவதும் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் மார்ஜோலின் 1828இல் தழும்புப் புண்களைப் பற்றி எழுதியமையால் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. தொழுநோயாளரின் உணர்விழந்த பாதங்களில் ஆறாதிருக்கும் புண்களும் சில வேளைகளில் புற்றாவதுண்டு. வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தை அறிந்த நம் திருச்சபையாருக்கு, பாதத்தை நாள்தோறும் பார்க்க வேண்டும் என்னும் அறிவுரை புதிதன்று.

தொழிலாலும் இந்நோய் வரும். புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களாக வேலை செய்தவர்களுக்குப் பிற்காலத்தில் வந்த தோல் புற்றுக்குக் கரியே காரணம் என்று இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இல் எடுத்துரைத்தார். பின்னர் லங்காஷயர் நூற்பாலைகளில் எண்ணெயில் நனைந்த ஆடையுடன் உழைத்தோரிடையே அதே நோய் காணப்பட்டது. நன்கு சுத்திகரிக்கப்படாத கனிம எண்ணெய் தோல் புற்றுநோய்க்குக் காரணம் என்பது இன்று ஐயத்திற்கிடமின்றி ஏற்கப்பட்ட உண்மை. கடைசல் இயந்திரங்களின் நடுவே வாழும் பாடி, அம்பத்தூர்ப் பகுதிச் சபைகளின் ஆயர்கள் இதனை நினைவிற்கொள்ளல் நன்று.

மெலனோமா, கருநிறத் தோலினரிடையே அரிதாக வந்தாலும், வெயில் படாத உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்தின் கீழும் வருவதே மிகுதி. நம் மூப்பருக்கு வந்தது இதுவே. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தின் கீழ் இந்நோய் இருப்பது 1977இல் அறியப்பட்டது. விரலை நீக்குவதைத் தம் சமய நம்பிக்கை காரணமாக அவர் ஏற்கவில்லை என்பர். நோய் பரவியபின் ஜெர்மனியில் வழக்கத்திற்கு மாறான ஒரு மருத்துவத்தை நாடினார். 1981இல், 36ஆம் வயதில் மறைந்தார்.

தொடக்கத்தில் கண்டு முற்றிலும் அறுத்தெடுத்தால் தோல் புற்றுநோயாளருள் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். பரவிய மெலனோமாவுக்கும் 2011 முதல் புதிய வழி பிறந்துள்ளது: உடலின் தற்காப்பு உயிரணுக்களுக்கு இடப்பட்டுள்ள தடையை நீக்கி, அவையே புற்றைத் தாக்கும்படி செய்யும் மருந்துகள் வந்தன. அவற்றுக்கு அடிப்படையான கண்டுபிடிப்புகளுக்காக ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். விலை மிகுந்த இம்மருந்துகள் எல்லாருக்கும் பயனளிப்பதில்லை. ஆயினும் பலரிடம் சோதித்து, பயனும் தீங்கும் அளந்து அறியப்பட்டவை அவை.

2. குருத்தணு என்பது யாது?

வாழையின் குருத்திலிருந்து இலை விரிவதைப் போல், உடலில் சில உயிரணுக்கள் தம்மையே பெருக்கிக்கொண்டும், வேறுவகை உயிரணுக்களாக விரிந்தும் செல்லும் ஆற்றல் உடையன. இவற்றைக் குருத்தணுக்கள் என்கிறோம்; ஸ்டெம் செல் என்று பலரும் வழங்குவது இதனையே. எலும்பு மச்சையில் இரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்கள் உள்ளன என்பதை டொரண்டோ நகரில் டில், மக்கல்லக் என்னும் இருவர் 1961இல் வெளியிட்ட ஆய்வால் நிறுவினர். இரத்தப் புற்றுக்கும் தலசீமியா முதலிய நோய்களுக்கும் செய்யப்படும் மச்சை மாற்றுச் சிகிச்சை இவ்வணுக்களையே பயன்படுத்துகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை 1986இல் தொடங்கியது.

எலும்பு மச்சையில் வேறொரு வகையும் உண்டு. எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகியனவாக மாற வல்ல இவ்வணுக்களைக் கொழுப்பிலிருந்தும் தொப்புள்கொடியிலிருந்தும் எடுக்கலாம். இவற்றுக்கு "மீசன்கைமல் ஸ்டெம் செல்" என்னும் பெயரை 1991இல் வழங்கியவர் அமெரிக்க அறிஞர் ஆர்னால்டு கேப்லன். இவற்றை நோயாளியின் உடலில் செலுத்தினால், சிதைந்த உறுப்பில் போய்த் தங்கிப் புதிய உறுப்பாக வளரும் என்று முதலில் கருதினர். ஆனால் செலுத்திய அணுக்களில் பெரும்பாலானவை சில நாள்களிலேயே மறைந்து போயின. ஆயினும் சிற்சில சோதனைகளில் பயன் தென்பட்டது. அணு மறைந்தபின் பயன் எவ்வாறு நிற்கும்? அவை மறையுமுன் எதையோ வெளியிடுகின்றன. அதுவே பயனுக்குக் காரணம் என்னும் கருத்து இவ்வாறு எழுந்தது. கேப்லன் தாம் இட்ட பெயர் பொருந்தாது என்று 2017இல் தாமே எழுதி, அதை மாற்றும்படி அறிவியலாரை வேண்டிக்கொண்டார். தம் பெயரால் புகழடைந்த ஒரு சொல்லைத் தாமே திருத்த முன்வந்த இந்நேர்மை, துண்டறிக்கைகளில் காணக்கிடைப்பதன்று.

3. எக்ஸோசோம்: குப்பையா, மடலா?

உயிரணு வெளியிடும் பொருள்களுள் ஒன்று எக்ஸோசோம். இது கொழுப்பாலான மெல்லிய சவ்வுக்குள் அடங்கிய நுண்பை. இதன் குறுக்களவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு தலைமயிரின் குறுக்கே ஏறத்தாழ ஆயிரம் எக்ஸோசோம்களை வரிசையாக வைக்கலாம். சாதாரண நுண்ணோக்கியில் இது புலப்படாது.

1983இல் கனடாவில் ரோஸ் ஜான்ஸ்டன் குழுவினரும், அமெரிக்காவில் பிலிப் ஸ்டால் குழுவினரும் தனித்தனியே இதனைக் கண்டனர். முதிராத சிவப்பணு முதிரும்போது, தனக்கு இனி வேண்டாத புரதங்களை நுண்பைகளில் இட்டு வெளியேற்றுவதை அவர்கள் நோக்கினர். எனவே இப்பைகள் உயிரணுவின் குப்பைக்கூடை என்றே பல ஆண்டுகள் எண்ணப்பட்டது. 1996இல், தற்காப்பு உயிரணுக்கள் வெளியிடும் பைகள் பிற உயிரணுக்களைத் தூண்டவல்லன என்று தெரிந்தது. 2007இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகர ஆய்வாளர்கள், இப்பைகளுக்குள் ஆர்.என்.ஏ. என்னும் மரபுச்செய்தி இருப்பதையும், ஒரு அணுவிலிருந்து மற்றோர் அணுவுக்கு அச்செய்தி சென்று அங்கே செயற்படுவதையும் காட்டினர். ஆலையின் வாயிலில் நின்று நோக்குபவன், வெளியேறும் வண்டிகளெல்லாம் குப்பை வண்டிகள் என்று எண்ணியிருந்து, அவற்றுள் பல சரக்கு வண்டிகள் என்று பின்னர் அறிந்தது போலாயிற்று.

தள்ளப்பட்டது பயன்படுவதாயிற்று என்று கூறி இதனை உடனே பிரசங்க உவமையாக்கிவிட நமக்குத் தோன்றும். சற்றுப் பொறுத்தல் நன்று. வண்டியில் இருப்பது நற்சரக்கா, தீச்சரக்கா என்பதை இன்னும் நாம் பார்க்கவில்லை.

4. மருந்தாகும் என எண்ணுவதற்குரிய காரணங்கள்

எக்ஸோசோம் மருந்தாகலாம் என்று அறிஞர் கருதுவதற்கு நல்ல காரணங்கள் உள்ளன. முதலாவது, அது உடலின் இயல்பான பொருளாதலால், செயற்கைத் துகளைக் காட்டிலும் உடலால் எளிதில் ஏற்கப்படும் என எதிர்பார்க்கலாம். இரண்டாவது, அது உயிருள்ள அணு அன்று, பெருகாது, ஆதலால் செலுத்திய குருத்தணுவே கட்டியாக வளரக்கூடும் என்னும் அச்சம் இதில் இல்லை. மூன்றாவது, அதன் உள்ளே நாம் விரும்பும் மருந்தையோ மரபுச்செய்தியையோ ஏற்றி அனுப்பலாம். இம்முறையில் ஏற்றப்பட்ட குருத்தணு எக்ஸோசோம்கள் எலிகளிலுள்ள மெலனோமாக் கட்டிகளின் வளர்ச்சியைக் குறைத்தன என்று ஆய்வேடுகள் கூறுகின்றன. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம், கணையப் புற்றுநோயாளரிடம் இத்தகைய எக்ஸோசோம்களைக் கொண்டு முதற்கட்டச் சோதனையை மேற்கொண்டது. அது கணையத்துக்குரியது, தோலுக்குரியதன்று என்பதை மறத்தல் ஆகாது.

மெலனோமா நோயாளரிடமே எக்ஸோசோம் சோதிக்கப்பட்டதும் உண்டு. பிரான்சில் நிகழ்ந்த அச்சோதனையின் முடிவு 2005இல் வெளியாயிற்று. பரவிய நோயுடைய 15 பேருக்கு அவரவர் தற்காப்பு உயிரணுக்களிலிருந்து எடுத்த எக்ஸோசோம்களில் புற்றின் அடையாளத்தை ஏற்றித் தடுப்பூசி போலச் செலுத்தினர். பெருந்தீங்கு எதுவும் நேரவில்லை. வரையறுத்த அளவின்படி கட்டி சுருங்கியது ஒருவருக்கு மட்டுமே. இவை குருத்தணு எக்ஸோசோம்கள் அல்ல என்பதையும் கருத வேண்டும்.

இவற்றைத் தொகுத்துக் கூறின்: தோல் புற்றுநோய்க்குக் குருத்தணு எக்ஸோசோம் என்பது, ஆய்வுக்கூடத்திலும் எலிகளிலும் நம்பிக்கை தரும் ஓர் ஆய்வுப்பொருள். மனிதரிடம் பயன் நிறுவப்பட்ட மருந்து அன்று.

5. மறுபக்கம்

பயன் நிறுவப்படவில்லை என்பதோடு செய்தி முடியவில்லை. தீங்கும் நேரலாம் என்பதற்குக் காரணங்கள் உண்டு.

நல்லணு மட்டுமன்றிப் புற்றணுவும் எக்ஸோசோம்களை வெளியிடுகிறது. நியூயார்க்கில் டேவிட் லைடன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மெலனோமாவின் எக்ஸோசோம்கள் எலிகளின் எலும்பு மச்சை அணுக்களைத் தம் வயப்படுத்தி, புற்று பரவுவதற்கு முன்னரே தொலைவிலுள்ள உறுப்புகளில் அதற்கு இடம் ஆயத்தமாக்குவதைக் காட்டினர். ஆக, நாம் மருந்தாகக் கருதும் அதே வண்டியில்தான் நோயும் தன் தூதை அனுப்புகிறது.

குருத்தணுவின் எக்ஸோசோமும் எப்போதும் ஒரே விதமாகச் செயற்படுவதில்லை. மச்சைப் புற்றுநோய் பற்றி 2013இல் வெளியான ஓர் ஆய்வில், நலமுள்ளவரின் குருத்தணு எக்ஸோசோம்கள் புற்றின் வளர்ச்சியைத் தடுத்தன. நோயாளியின் குருத்தணு எக்ஸோசோம்களோ அதனை வளர்த்தன. இதற்கு வியப்படைய வேண்டியதில்லை. காயத்தை ஆற்றுவது என்றால், புதிய இரத்தக் குழாய்களை வரவழைத்தலும், அணுக்களைப் பெருகச் செய்தலும், வீக்கத்தை அடக்குதலும் ஆகும். புண்ணுக்கு இவை நன்மை. புற்றுக்கும் இவையே உணவாகிவிடலாம். தோல் மினுமினுப்புக்கும் முடி வளர்ச்சிக்கும் அழகு நிலையங்களில் எக்ஸோசோம் விற்கப்படும் இந்நாளில், இன்னதென்று அறியப்படாத ஒரு கரும்புள்ளியின்மேல் அதனைச் செலுத்துவது எத்துணை ஆபத்தானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது இடர் அளவு பற்றியது. பாடி ஆலைகளில் உழைத்தோர் இதனை எளிதில் உணர்வர். ஆலையில் செய்யும் ஓர் உறுப்பு, அளவுகோலில் வைத்துப் பார்த்து, குறித்த அளவுக்குள் நின்றால் மட்டுமே வெளியே அனுப்பப்படும். ஆயிரமாவது உறுப்பும் முதலாவதைப் போலவே இருத்தல் வேண்டும். எக்ஸோசோமுக்கு அத்தகைய உறுதியான அளவுகோல் இன்னும் அமையவில்லை. எடுக்கப்படும் அணு, அதை வளர்க்கும் ஊட்டநீர், பிரிக்கும் முறை ஆகியவற்றுள் ஒன்று மாறினும் பையின் உள்ளிருக்கும் பொருள் மாறும். இத்துறைக்கான பன்னாட்டுச் சங்கம் 2014, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் அடிப்படை நெறிகளை வெளியிட்டு, தோற்றம் உறுதியாகத் தெரியாத பைகளை எக்ஸோசோம் என்று அழைத்தலையே தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. ஆய்வாளரே பெயரிடத் தயங்கும் பொருளை, புட்டியில் அடைத்துப் பெயரொட்டி விற்கின்றனர். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்ஸோசோம் எனக் கூறப்பட்ட பொருளைப் பெற்ற நோயாளிகளுக்குக் கடுந்தீங்கு நேர்ந்ததை அடுத்து, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது.

6. நம் நாட்டின் ஒழுங்கும் வேலூரின் சான்றும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட குருத்தணு ஆய்வு நெறிமுறைகளின்படி, இரத்த நோய்கள் முதலியவற்றுக்கான மச்சைக் குருத்தணு மாற்றம் ஒன்றே ஏற்கப்பட்ட சிகிச்சை. ஏனைய குருத்தணுப் பயன்பாடுகள் யாவும் ஆய்வெனவே கருதப்படும். முறைப்படி ஒப்புதல் பெற்ற சோதனையில் மட்டுமே அவற்றைச் செய்யலாம். அவ்வாறான சோதனைகள் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதியப்படல் வேண்டும். 2007இல் தொடங்கிய இப்பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயமாயிற்று. சோதனைக்குத் தம் உடலைத் தருபவரிடம் சோதனை மருந்துக்கு விலை கேட்பது முறையன்று. இப்பின்னணியில் பார்த்தால், பல இலட்சம் கேட்டு விற்கப்படும் "புற்றுநோய்க் குருத்தணு ஊசி" ஏற்கப்பட்ட சிகிச்சையுமன்று, ஒழுங்கான சோதனையுமன்று என்பது விளங்கும்.

ஒழுங்கான வழி எவ்வாறிருக்கும் என்பதற்கு நாம் தொலைநாடு செல்ல வேண்டியதில்லை. வேலூர் பாகாயத்தில், மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் இணைந்து நிறுவிய குருத்தணு ஆராய்ச்சி மையம் உள்ளது. குருதி உறையாமை என்னும் பிறவி நோய் கடுமையாக உள்ள 5 பேரிடம், அவரவருடைய இரத்தக் குருத்தணுக்களில் குறைபட்ட மரபணுவை ஈடுசெய்து மீண்டும் செலுத்திய சோதனையின் முடிவு 2024 டிசம்பரில் வெளியாயிற்று. கண்காணித்த காலத்தில் அவர்களுள் எவருக்கும் இரத்தக் கசிவு நேரவில்லை. இது பெருமைக்குரிய செய்தி. ஆயினும் இதற்கு முன்னே நின்ற ஆண்டுகளை நோக்குக: 1986இல் மச்சை மாற்றம் தொடங்கியது முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகாலப் பொறுமை. ஐவரிடம் வெற்றி கண்டபின்னும், "எல்லாரும் வருக" என்று துண்டறிக்கை அச்சிடப்படவில்லை; இன்னும் பலரிடம் நெடுங்காலம் நோக்க வேண்டும் என்பதே அறிவியலின் நெறி.

7. லேவியராகமம் 13: பார்த்தலும் பொறுத்தலும்

இவ்வளவும் மருத்துவருக்குரிய செய்தியன்றோ, ஆயருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். தோலில் தோன்றும் தடிப்பையும் புள்ளியையும் பார்க்கும் பணி முதலில் ஆசாரியனிடமே ஒப்படைக்கப்பட்டது என்பதை லேவியராகமம் 13ஆம் அதிகாரம் நமக்கு நினைவூட்டுகிறது. அவ்வதிகாரம் கூறும் நோய் இன்று நாம் தொழுநோய் என்று அழைப்பதன்று என்பதையும், பலவகைத் தோல் மாற்றங்களை அச்சொல் குறித்தது என்பதையும் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆறிய கொப்புளத்தின் வடுவில் எழும் மாற்றத்தையும் (18-23), தீக்காயத்தில் எழும் மாற்றத்தையும் (24-28) அது தனித்தனியே பேசுகிறது. வடுவை மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும் என்னும் அக்கவனம், தழும்பில் தோன்றும் புற்றை அறிந்த இக்கால மருத்துவரின் கவனத்தை ஒத்திருக்கிறது. பழைய நூலில் புதிய மருத்துவத்தைப் புகுத்துவது என் நோக்கமன்று. ஆசாரியனின் நடைமுறையே இங்குக் கருதத்தக்கது.

அவன் செய்வன மூன்று: பார்க்கிறான், ஐயம் இருந்தால் ஏழு நாள் பொறுக்கிறான், மீண்டும் பார்த்தபின் உள்ளதை உள்ளபடி சொல்கிறான். அவன் குணமளிப்பவன் அல்லன். குணமாக்குவதாக வாக்களிப்பதும் இல்லை. தீயதைத் தீயதென்றும், தீங்கற்றதைத் தீங்கற்றதென்றும் கூறுவதே அவன் ஊழியம். அஞ்சியவனை மகிழ்விக்கப் பொய்யான தூய்மையை அறிவிக்கவும் அவனுக்கு உரிமையில்லை; விரைந்து தீட்டெனத் தள்ளவும் உரிமையில்லை. இதற்கு மாறாக, மக்களின் காயத்தை மேலோட்டமாக ஆற்றி, சமாதானம் இல்லாதபோது சமாதானம் கூறியவர்களை எரேமியா கண்டித்தார் (எரே. 6:14). துண்டறிக்கை அச்சிடுபவனை மட்டுமன்றி, அறியாமல் அதற்கு ஆமென் சொல்லும் ஆயரையும் அக்கண்டனம் தொடும்.

நம் மொழியில் இதற்கு ஒரு தனி இடர் உண்டு. நம் வேதாகமம் விசுவாசம் என்றும் நம்பிக்கை என்றும் இரு சொற்களை வேறுபடுத்துகிறது. அன்றாட வழக்கிலோ இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. "ஆய்வு நம்பிக்கை அளிக்கிறது" என்று அறிவியலார் கூறும்போது, மேலும் சோதிக்கத்தக்கது என்பதே பொருள். நோயாளியின் குடும்பம் அதனைக் கேட்கும்போது, ஆண்டவர்மேல் வைக்கும் உறுதியின் நிறத்தை அச்சொல் பெற்றுவிடுகிறது. ஐயம் எழுப்புவது அவிசுவாசமாகத் தோன்றுகிறது. விற்பவர் இதனை நன்கறிவர். எனவே, மருந்தை ஐயுறுதல் ஆண்டவரை ஐயுறுதல் ஆகாது என்று பிரசங்க பீடத்திலிருந்தே தெளிவாகக் கூறல் வேண்டும்.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில், பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாடு பட்ட பெண், மருத்துவர் பலரிடம் தன் உடைமை யாவும் செலவழித்தும் முன்னிலும் நலிந்தாள் என்று வாசிக்கிறோம். இதனைக் கொண்டு மருத்துவத்தையே பழிப்போர் உளர். எசேக்கியாவின் பிளவையின்மேல் அத்திப்பழ அடை இடப்பட்டதையும் (ஏசா. 38:21), பவுலின் உடன் ஊழியனாகிய லூக்கா மருத்துவன் என்பதையும் (கொலோ. 4:14) அவர்கள் மறக்கின்றனர். சுவிசேஷகன் அங்கே சுட்டுவது மருத்துவத்தின் தீமையை அன்று. நோயோடு வறுமையும் சேர்ந்து ஒருத்தியை அழுத்தியதை. நோயாளியின் மனையும் நகையும் பிள்ளையின் படிப்புப் பணமும் ஆயரின் கவலைக்கு உட்பட்டவையே.

கருவிலிருந்து எடுக்கும் குருத்தணு பற்றி 1998 முதல் திருச்சபைகளில் நிகழும் விவாதம் இங்கு எழவில்லை. இப்போது பேசப்படும் எக்ஸோசோம்கள் பெரும்பாலும் முதிர்ந்தவரின் மச்சை, கொழுப்பு, பிறப்புக்குப்பின் கிடைக்கும் தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து வருவன. எனினும், கரு சிதைக்கப்படவில்லை என்பதால் அறச்சிக்கல் தீர்ந்துவிட்டது என்று எண்ணலாகாது. பொய்ச்சாட்சி கூறாமையும், ஏழையைச் சுரண்டாமையும் அறமே.

8. ஆயர் செய்யத்தக்கன

முதலாவது, கேட்கத்தக்க வினாக்களைக் குடும்பத்தாருக்குக் கற்பிக்கலாம். இது ஏற்கப்பட்ட சிகிச்சையா, ஆய்வா? ஆய்வாயின் இந்தியப் பதிவேட்டில் அதன் எண் யாது? எந்த அறநெறிக் குழு ஒப்புதல் அளித்தது? ஆய்வுக்கு ஏன் பணம் கேட்கப்படுகிறது? இதனை ஏற்பதற்காக அறுவையைத் தள்ளிப்போட வேண்டுமா? நேரிய மருத்துவர் இவற்றுக்குச் சினமின்றி விடையளிப்பார். இறுதி வினாவுக்கு "ஆம்" என்பது விடையாயின், அங்கிருந்து எழுந்து வருவதே தக்கது.

இரண்டாவது, இருக்கும் வழியைக் காட்டலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று 1954இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையமும், காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் நமக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடமுண்டு. அதற்குரிய தாள்களைத் திரட்டுவதில் துணைநிற்பதும் ஆயர் பணியே.

மூன்றாவது, பாதத்தைப் பார்க்கச் சொல்லலாம். பெரிய வியாழனன்று பாதம் கழுவும் ஆராதனை நடத்தும் சபைகள் உண்டு. அந்நாளில் ஒரு சொல் சேர்த்துக் கூறலாம்: உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாகத் தோன்றி, விரிந்து, நிறம் மாறி, கசியும் கரும்புள்ளியையும், ஆறு வாரமாகியும் ஆறாத புண்ணையும், பழைய தழும்பில் எழும் புடைப்பையும் மருத்துவரிடம் காட்டுக என்று. கோடிக்கணக்கில் செலவிட்டு நடக்கும் ஆய்வுகள் என்றோ ஒருநாள் கனி தரலாம். இந்தச் சொல் இன்றே ஓருயிரைக் காக்கும்.

பாடிக்கு மீண்டும் சென்று, நான் அறிந்தவற்றை அப்பெண்ணிடமும் மூப்பரிடமும் கூறினேன். மூப்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "ஐயா, இது பலிக்காது என்று சொல்ல வந்தீர்களா?" என்றார். "இது பலிக்கும் என்று சொல்ல எவருக்கும் இன்னும் உரிமையில்லை என்று சொல்ல வந்தேன், அறுவை நாளன்று உங்களுடன் இருப்பேன் என்றும் சொல்ல வந்தேன்" என்றேன். அறுவை முடிந்தது. அக்குளின்போல் தொடையிடுக்கிலும் நிணக்கணுக்கள் உண்டு. அங்கே நோய் எட்டியிருந்தமை பின்னர்த் தெரிந்தது. அவருக்குச் சிகிச்சை தொடர்கிறது. ஊன்றுகோலுடன் ஆராதனைக்கு வருகிறார். மனை விற்கப்படவில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன் அக்கரும்புள்ளியை எவரேனும் பார்த்திருப்பின் என்று அவர் மகள் ஒருநாள் கூறினார். அவ்விரண்டு ஆண்டுகளிலும் நான் அவ்வீட்டில் பலமுறை ஜெபித்திருக்கிறேன். அவர் காலில் ஒட்டுத்துணி இருந்ததைக் கண்டுமிருக்கிறேன். என்னவென்று கேட்டதில்லை. பார்ப்பது ஆசாரியனின் முதற்கடமை.